ஊன ஓய்வூதிய மேல்முறையீட்டுக் குழுவினருக்கு ஒரு முன்னாள் படைவீரரின் திறந்த மடல்

படைவீரர்களின் ஊன ஓய்வூதிய மேல்முறையீடுகளை விசாரிக்கும் குழுவினருக்கும், விடுவிப்பு மருத்துவ வாரியங்களில் அமரும் மருத்துவ அதிகாரிகளுக்கும்,

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். நான் 1986 முதல் 2004 வரை ராணுவத்துக்கு வேண்டிய பொருள்களைக் கொண்டு சேர்க்கும் ஏ.எஸ்.சி. பிரிவில் ஓட்டுநராகப் பணியாற்றி, நாயக் பதவியில் விடுவிக்கப்பட்டு, இப்போது ஆவடியில் வசித்து வருகிறேன். முன்சிறுகுடலில் வந்த அல்சரால் கீழ்நிலை மருத்துவ வகைக்கு மாற்றப்பட்டு, அந்த வகைக்கு ஏற்ற வேலை பிரிவில் இல்லை என்ற காரணத்தால் பணிக்காலம் முடியும் முன்பே வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். டிசபிலிட்டி பென்ஷன் என்று நாங்கள் வழக்கமாகச் சொல்லும் ஊன ஓய்வூதியத்துக்கு நான் கொடுத்த விண்ணப்பம் 2005-லும், அதன் மீதான மேல்முறையீடு 2006-லும் நிராகரிக்கப்பட்டன. பின்னாளில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைக் காட்டி மறுபடியும் கொடுத்த மனுவும் அண்மையில் அதே வழியில் திரும்பி வந்துவிட்டது. எல்லா ஆணைகளிலும் காரணம் என்று இருப்பது ஒரே வாக்கியம்தான்: இந்த நோய் படைப்பணியால் விளைந்ததும் அல்ல, படைப்பணியால் தீவிரமானதும் அல்ல.

இதைத் தனி மனுவாக மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், அந்த வாக்கியம் என் கோப்பில் மட்டும் இல்லை என்பதே. ஆவடி, பட்டாபிராம், பல்லாவரம், தாம்பரம் என்று சென்னையைச் சுற்றி எங்களைப் போன்றவர்கள் நிறைய இருக்கிறோம். இரத்த அழுத்தம், சர்க்கரை, மனநோய், வலிப்பு, குடல் நோய் என்று நோய்கள் வேறுவேறாக இருந்தாலும், நிராகரிப்புக் கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெயரையும் படை எண்ணையும் தவிர எழுத்து மாறுவதில்லை. மனிதர்கள் வேறு, பணியாற்றிய இடங்கள் வேறு, நோய்கள் வேறு என்றிருக்கும்போது காரணம் மட்டும் எப்படி ஒன்றாகவே இருக்க முடியும் என்பதுதான் உங்கள் முன் நான் வைக்கும் கேள்வி.

முதலில் என் மருத்துவ வாரிய அறிக்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படையில் சேருவதற்கு முன்பே இந்த நோய் இருந்ததா என்று அதில் ஒரு கேள்வி. இல்லை என்று தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது. படைவீரரின் அலட்சியத்தாலோ ஒழுங்கீனத்தாலோ வந்ததா என்று இன்னொரு கேள்வி. அதற்கும் இல்லை. ஊனத்தின் அளவு 20 விழுக்காடு, வாழ்நாள் முழுவதற்கும். இவ்வளவும் சொல்லிவிட்டு, அடுத்த பகுதியில் படைப்பணியோடு தொடர்பற்றது என்று முடித்திருக்கிறார்கள். காரணம் கேட்கும் கட்டத்தில், உடல்வாகு சார்ந்த நோய், அமைதிப் பகுதியில், அதாவது களப்பணி அல்லாத இடத்தில், தொடங்கியது என்று அரை வரி இருக்கிறது. வரும்போது நோய் இல்லை, என் தவறாலும் வரவில்லை, பதினெட்டு ஆண்டுகள் நான் வேறு எங்கும் வேலை செய்யவும் இல்லை என்றால், அந்த நோய் எங்கிருந்து வந்தது என்பதை அந்த அரை வரி விளக்கவில்லை.

நான் பணியில் இருந்த காலத்துக்குப் பொருந்துவது 1982-ஆம் ஆண்டின் ஓய்வூதியத் தகுதி விதிகள். அவற்றின் 5-ஆம் விதி, சேரும்போது பதிவு செய்யப்பட்ட குறை எதுவும் இல்லாவிட்டால் அந்த வீரர் நல்ல உடல்நலத்தோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும் என்றும், பின்னாளில் மருத்துவக் காரணத்தால் விடுவிக்கப்பட்டால் அவர் உடல்நலத்தில் ஏற்பட்ட சரிவு பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. 9-ஆம் விதி, தகுதியை நிரூபிக்கும் பொறுப்பைக் கோருபவர் தலையில் சுமத்தக் கூடாது, நியாயமான ஐயம் எழுந்தால் அதன் பலன் அவருக்கே, களப்பணியில் இருந்தவருக்கு இன்னும் தாராளமாக, என்கிறது. 14-ஆம் விதி, நுழைவுப் பரிசோதனையில் இந்த நோயைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது என்று மருத்துவ வாரியம் கருதினால், அதற்கான காரணங்களை எழுத வேண்டும் என்கிறது. நான் 1986-ல் சேர்ந்தபோது பல்லிலிருந்து பாதம் வரை பரிசோதித்துத் தகுதியானவன் என்று எழுதியவர்கள் உங்கள் மருத்துவர்கள்தான். அந்தப் பதிவை மறுக்க வேண்டுமென்றால் மறுக்கும் பொறுப்பு வாரியத்துடையது, என்னுடையது அல்ல.

இனி அல்சருக்கு வருகிறேன். அதே 1982 விதிகளின் இணைப்பில் நோய்கள் வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. தட்பவெப்பத்தால் பாதிக்கப்படுபவை, மன அழுத்தத்தாலும் உழைப்பின் சுமையாலும் பாதிக்கப்படுபவை என்று வரும் வரிசையில், உணவுக் கட்டாயங்களால் பாதிக்கப்படுபவை என்று ஒரு தலைப்பும் உண்டு. அதன் கீழே மஞ்சள் காமாலை, குடற்புழு, இரைப்பை அழற்சி, டின்னில் அடைத்த உணவால் வரும் நச்சு ஆகியவற்றோடு இரைப்பைப் புண், முன்சிறுகுடல் புண் என்று பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கிறது. என் நோயின் பெயர் உங்கள் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது, ஐயா. படைவீரன் தனக்கு வேண்டியதை, வேண்டிய நேரத்தில் சாப்பிட முடியாது, கொடுப்பதைக் கொடுக்கும்போது சாப்பிட வேண்டியவன் என்பதை உணர்ந்தவர்கள்தான் அந்தத் தலைப்பை எழுதியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒரு நோயை உடல்வாகு சார்ந்தது என்று ஒதுக்கிய வாரியம், அந்த இணைப்பை ஏன் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்று ஒரு சொல்கூட எழுதவில்லை.

அந்த உணவுக் கட்டாயம் எப்படி இருந்தது என்பதைக் கோப்புகளை மட்டும் பார்க்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் முதலில் சக்திமான் வண்டியும், பிறகு நம் அசோக் லேலண்டின் ஸ்டாலியனும் ஓட்டினேன். ஸ்ரீநகரிலிருந்து லே வரை செல்லும் சாலையில், ஜோஜிலா கணவாய் பனியால் மூடுவதற்கு முன் குளிர்காலத்துக்கான இருப்பை மேலே கொண்டு சேர்க்க வேண்டும். அதனால் கோடை முழுவதும், வண்டிகள் வரிசையாகச் செல்லும் கான்வாய்தான். கணவாயில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகளைத்தான் விடுவார்கள். நமக்கு முறை வரும்போது கிளம்பியாக வேண்டும். அதிகாலை இருட்டில் மெஸ்ஸில் கொடுத்த பூரியும் உருளைக்கிழங்கு சப்ஜியும் ஹேவர்சாக்கில் இருக்கும். மதியத்துக்குள் பூரி விறைத்துவிடும், எண்ணெய் அதன் மேல் வெள்ளையாக உறைந்திருக்கும். என்ஜின் மூடிக்கு அடியில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் டீசல் வாடையோடு இளகி வரும். கான்வாய் கமாண்டர் நிறுத்தச் சொன்னால் சாப்பாடு, இல்லையென்றால் அடுத்த டிரான்சிட் கேம்ப் வரை வெறும் வயிற்றில் தேநீர்தான். 1999-ல் கார்கில் போர் நடந்தபோது டிராஸ் பகுதியில் சாலையே எதிரி பீரங்கிகளின் பார்வையில் இருந்தது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, முன்னால் போகும் வண்டியின் நிழலைப் பார்த்து வெடிமருந்து ஏற்றிச் சென்ற அந்த நாட்களில் பசி எடுத்ததா என்பதுகூட எனக்கு நினைவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அது என் வேலை, அதைச் செய்ததில் இன்றும் பெருமைதான். ஆனால் அது என் வயிற்றில் தடம் பதிக்கவே இல்லை என்று ஒருவர் எழுதினால், எதை வைத்து எழுதினார் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

அதைவிடக் கனமான சான்று என் மருத்துவக் கோப்பிலேயே இருக்கிறது. வண்டியின் குலுக்கலால் வந்த முதுகுவலிக்கு நான் எம்.ஐ. ரூம் என்ற படைப்பிரிவு மருத்துவ அறையில் சிக் ரிப்போர்ட் செய்யும்போதெல்லாம் ப்ரூஃபன், டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. ஆண்டுக்கணக்கில் அவற்றை உட்கொண்டுதான் ஸ்டீயரிங் பிடித்தேன். இந்த வகை வலி மாத்திரைகள் இரைப்பையையும் முன்சிறுகுடலையும் காக்கும் படலத்தை வலுவிழக்கச் செய்து புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கும் என்பது மருத்துவக் கல்லூரி மாணவருக்கும் தெரிந்த செய்தி. மாத்திரையை எழுதியவர் ராணுவ மருத்துவர், எழுதப்பட்ட இடம் ராணுவ ஏடு, வலி வந்தது ராணுவ வண்டியில். மலம் கருத்துப்போய், தலைசுற்றி விழுந்து, 2001-ல் எண்டோஸ்கோபி செய்து இரத்தம் கசியும் புண்ணைக் கண்டபோது, வலி மாத்திரையை உடனே நிறுத்தும்படி மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளின் நகலை என் மனுவோடு இணைத்திருந்தேன். நிராகரிப்பு ஆணையில் அதைப் பற்றி எதுவும் இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு வரலாம் என்பதை அறிவேன். பெரும்பாலான அல்சருக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிதான் காரணம் என்பதை ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980-களில் காட்டினார்கள், 2005-ல் அதற்கு நோபல் பரிசும் பெற்றார்கள். எனக்கும் அந்தக் கிருமி இருந்தது, மருந்தும் கொடுத்தார்கள். சிறு வயதிலேயே தொற்றும் கிருமிக்கு ராணுவம் எப்படிப் பொறுப்பாகும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நம் நாட்டில் பாதிக்கு மேற்பட்டவர்களின் வயிற்றில் அந்தக் கிருமி இருக்கிறது, அவர்களில் சிலருக்குத்தான் புண் வருகிறது. கிருமி இருக்கிற வயிற்றில் வலி மாத்திரையும் சேர்ந்தால் புண் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. விதி கேட்பதும் நோய் பணியால் விளைந்ததா என்பதை மட்டும் அல்ல, பணியால் தீவிரமானதா என்பதையும்தான். முதல் கேள்விக்கு இல்லை என்று சொல்லும் மருத்துவரும் இரண்டாவதற்குத் தனியாக விடை சொல்லியாக வேண்டும். என் கோப்பில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கோடு போடப்பட்டிருக்கிறது.

அமைதிப் பகுதியில் தொடங்கியது என்ற காரணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் நண்பர்கள் பலரின் கோப்புகளிலும் அதுவே ஆயுதமாகியிருக்கிறது. நோய் கண்டுபிடிக்கப்பட்ட நாளும் நோய் தொடங்கிய நாளும் ஒன்றல்ல. நான் மலையிலிருந்து இறங்கி அமைதிப் பகுதிக்கு மாற்றலாகி ஓர் ஆண்டுகூட ஆகாதபோதுதான் இரத்தம் கசிந்தது. கான்வாயில் இருப்பவனுக்கு எண்டோஸ்கோபி செய்ய யாருக்கு நேரம் இருந்தது? அது போகட்டும். படைகளின் மருத்துவப் பணிகளுக்கான 1983-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின் 423-ஆம் பத்தி, ஊனத்துக்கான காரணம் களப் பகுதியில் ஏற்பட்டதா அமைதிச் சூழலில் ஏற்பட்டதா என்பது பொருட்டே அல்ல, பணியின் சூழலோடு தொடர்பு இருக்கிறதா என்பதே கேள்வி என்று தெளிவாகச் சொல்கிறது. உங்கள் துறையின் புத்தகமே பொருட்டல்ல என்று ஒதுக்கிய ஒன்றை, உங்கள் வாரியங்கள் முதன்மைக் காரணமாக எழுதி வருகின்றன.

மருத்துவ வாரியத்தின் கருத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே கேஷர் சிங் வழக்கில் சொல்லியிருப்பதை நான் மறைக்கவில்லை. படையில் இருந்தபோது வந்த ஒவ்வொரு நோய்க்கும் பணம் கொடுக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. அது மக்களின் வரிப்பணம். உண்மையாகவே பரம்பரையாக வரும் நோய்களும் உண்டு. ஆனால் 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் இந்த விதிகள் அனைத்தையும் ஒன்றாக வைத்துப் படித்தது. தகவல் தொடர்பைக் கவனிக்கும் சிக்னல்ஸ் பிரிவில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பணியாற்றி, வலிப்பு நோயால் 1994-ல் 20 விழுக்காடு ஊனத்தோடு வெளியேற்றப்பட்ட வீரர் அவர். அவருக்கும் பணியோடு தொடர்பற்றது என்றுதான் எழுதியிருந்தார்கள். வாரியம் காரணம் எதையும் பதிவு செய்யவில்லை, சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பும் இல்லை, ஆகவே அனுமானம் வீரர் பக்கமே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015-ல் ராஜ்பீர் சிங் வழக்கில் பல வீரர்களுக்கு எதிராக அரசு தொடுத்த மேல்முறையீடுகளை ஒன்றாக எடுத்துக்கொண்டு அதையே உறுதி செய்தது. பெயரையும் நோயையும் மாற்றினால் தரம்வீர் சிங்கின் கோப்பும் என் கோப்பும் ஒன்றுதான். நான் மனுவில் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டியிருந்தும், ஏன் பொருந்தாது என்றுகூட எழுதாமல் பழைய வாக்கியத்தையே திருப்பி அனுப்பினீர்கள்.

காலம் கடந்துவிட்டது என்று அண்மைய ஆணையில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. ஓய்வூதியம் மாதந்தோறும் மறுக்கப்படும் உரிமை என்பதால் அது தொடரும் தவறு, தாமதத்துக்காக நிலுவையை மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குக் குறைக்கலாமே தவிர உரிமையையே மறுக்கக் கூடாது என்பது 2008-ல் தர்செம் சிங் வழக்கின் முடிவு. அந்த மூன்று ஆண்டுக் கட்டுப்பாட்டை நான் ஏற்கிறேன். அதற்கு முந்தைய நிலுவையை நான் கேட்கவில்லை.

தொகை பெரிதல்ல என்று தோன்றலாம். முழு ஊனத்துக்குக் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு என்ற கணக்கில், 20 விழுக்காடு ஊனத்துக்கு வருவது 6 விழுக்காடு. 50-க்குக் கீழே இருப்பதை 50 ஆக உயர்த்திக் கணக்கிடும் சலுகையைச் சேர்த்தால் 15 விழுக்காடு. 2011-ல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் பாதை சுருங்கியதற்காக எனக்கு மாற்றுப்பாதை அறுவை சிகிச்சை செய்தார்கள். நன்றாகச் செய்தார்கள், அதனால்தான் இன்று எழுதுகிறேன். அதன் பிறகும் வயிறு நிறையச் சாப்பிட்டால் வியர்த்துப் படபடத்து உட்கார்ந்துவிடுவேன். சிறு சிறு அளவாக, பல வேளை சாப்பிட வேண்டும். ராணுவ மருத்துவத் திட்டத்தில் எனக்கு மாத்திரை கிடைக்கிறது, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் பழைய மகாபலிபுரம் சாலையில் இரவுக் காவல் வேலைக்குப் போய்க்கொண்டு அந்த உணவு ஒழுங்கைக் கடைப்பிடிக்க முடியாது என்பதால் வேலையை விட வேண்டியிருந்தது. அந்த 15 விழுக்காடு என் வீட்டில் ஒரு மாத அரிசி, பால், காய்கறிச் செலவு.

எங்களுக்குப் பிறகு எங்கள் மனைவிமாருக்கும் இது தொடர்கிறது. பணியோடு தொடர்புள்ள நோயால் வீரர் இறந்தால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் 60 விழுக்காடு, தொடர்பில்லை என்று கோப்பில் இருந்தால் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் 30 விழுக்காடு. பட்டாபிராமில் என் நண்பரின் மனைவி, ஈரல் நோயால் இறந்த கணவரின் கோப்பில் இருக்கும் அந்த ஒரு வரியால் பாதித் தொகையோடு மகளைப் படிக்க வைக்கிறார். வாரியத்தில் அந்த வரியை எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது, அங்கே போகலாமே என்று நீங்கள் சொல்லலாம். போவேன். ஆனால் தீர்ப்பாயம் வருவதற்கு முன்பே மேல்முறையீட்டுக் குழுக்களை அரசு அமைத்தது, வழக்கறிஞர் வைக்க முடியாத சிப்பாய்க்கும் அலுவலகத்துக்குள்ளேயே நியாயம் கிடைக்கட்டும் என்பதற்காகத்தானே? தீர்ப்பாயம் கொடுக்கப்போகும் முடிவு இன்னதென்று தெரிந்தும் வயதான முன்னாள் வீரரைப் படியேற வைப்பதில் யாருக்கும் மிச்சம் இல்லை. 2023 செப்டம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த புதிய தகுதி விதிகள் அதன் பிறகு வெளியேறுகிறவர்களுக்கானவை. அவற்றின் கடுமையை வைத்துப் பழைய கோப்புகளை அளக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

எனவே, என் நிராகரிப்பை மறு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும்படியும், எம்.ஐ. ரூம் சிகிச்சைக் குறிப்புகள் உட்பட என் மருத்துவ ஆவணங்கள் அனைத்தையும் குடல் நோய் நிபுணர் ஒருவர் முன் வைத்து மீளாய்வு மருத்துவ வாரியம் கூட்டும்படியும் கேட்டுக்கொள்கிறேன். பணியால் விளைந்ததா, தீவிரமானதா என்ற இரு கேள்விகளுக்கும் அந்த வாரியம் தனித்தனியாக, 1982 விதிகளின் இணைப்பையும் வலி மாத்திரைகளின் பதிவையும் குறிப்பிட்டு, காரணத்தோடு விடை எழுத வேண்டும். அந்த அறிக்கையின் நகலும் ஆணையின் நகலும் எனக்கு வேண்டும். என் கோரிக்கையை நீங்கள் மீண்டும் மறுப்பதாக இருந்தாலும், மறுப்புக்கு எது காரணம் என்று நான் படித்துப் புரிந்துகொள்ளும் வகையில், கையெழுத்திடும் அதிகாரியின் பெயரோடு எழுதித் தாருங்கள். காரணமில்லாமல் நிராகரிக்கப்பட்ட மற்றவர்களின் கோப்புகளையும், அவர்கள் ஒவ்வொருவரும் தனியே வழக்குத் தொடுக்கும்வரை காத்திராமல், நீங்களே எடுத்துப் பார்க்கத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் நாயக், ஏ.எஸ்.சி.
ஆவடி, சென்னை